முழு சர்வர் பேக்கப்பில் இடப் பற்றாக்குறை

முழு சர்வர் பேக்கப்பில் இடப் பற்றாக்குறை என்பது, ஒரு சர்வரில் உள்ள இயங்குதளம், மென்பொருள், டேட்டாபேஸ், கோப்புகள் எல்லாவற்றையும் ஒருசேர நகலெடுக்கும் வேலை, எழுத இடமில்லாமல் பாதியில் நின்றுபோவதைக் குறிக்கும். லினக்ஸ் இதை 28ஆம் எண் பிழையாகத் தெரிவிக்கும். சாதனத்தில் இடம் இல்லை என்பது அதன் வாசகம். விண்டோஸ் சர்வர் பேக்கப், ஷேடோ காப்பி எடுக்க இடம் போதவில்லை என்று 0எக்ஸ்80780119 என்ற குறியுடன் நின்றுவிடும். இடம் இல்லை என்பதைச் சொல்லும் இந்தச் செய்திகள், எங்கே இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை. குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. முழு பேக்கப் ஓடும்போது எழுதும் வேலை பல இடங்களில் நடக்கிறது: நகல் போய்ச் சேரும் டிஸ்க், நடுவில் சுருக்கிக் கட்டிவைக்கும் தற்காலிக ஃபோல்டர், ஷேடோ காப்பிக்காக மூல டிஸ்கிலேயே ஒதுக்கும் பகுதி, டேட்டாபேஸின் லாக். இவற்றில் எது நிரம்பினாலும் பேக்கப் நிற்கும். பேக்கப் டிஸ்கில் பாதிக்கு மேல் காலியாக இருக்க, இடம் இல்லை என்ற செய்தி வருவது இதனால்தான்.

சென்னைச் சூழல்

கடற்கரையிலிருந்து ராஜீவ் காந்தி சாலைப் பக்கம் வரை பரந்திருக்கும் கொட்டிவாக்கம், 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த ஊர்களில் ஒன்று. வடக்கே தரமணியில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைடல் பூங்காவும், பக்கத்துப் பெருங்குடியில் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள மாநிலத் தரவு மையமும் இருக்கின்றன. அத்தகைய இடங்களில் டிஸ்க் நிரம்புவதைக் கண்காணிக்கத் தனி ஆட்களும் தனி மென்பொருளும் உண்டு. அதே பகுதியின் உட்தெருக்களில் இயங்கும் ஆடிட்டர் அலுவலகம், ஸ்கேன் சென்டர், பள்ளி, பதிப்பகம் ஆகியவற்றின் நிலை வேறு. ஒரே ஒரு சர்வர், அதன் பக்கத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் அல்லது நெட்வொர்க் வழியே இணையும் சேமிப்புப் பெட்டியான நாஸ், அழைத்தால் வந்து பார்க்கும் சர்வீஸ் இன்ஜினியர் என்பதே வழக்கமான ஏற்பாடு. பேக்கப் இரவில் ஓடும். அது நின்றுபோனதை அறிவிக்கும் மெயில், யாரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்தக் கட்டுரை இந்தச் சிறு அலுவலகங்களை முன்வைத்தே எழுதப்படுகிறது.

இத்தகைய அலுவலகங்களின் டிஸ்க் அண்மை ஆண்டுகளில் வேகமாக நிரம்புவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் திருத்தப்பட்ட நிறுவனக் கணக்கு விதிகள், மின்னணுக் கணக்கேடுகளின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்றன. அதுவரை விதியில் இருந்தது ‘அவ்வப்போது’ என்பதுதான். 2023 ஏப்ரல் முதல், கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் மென்பொருள் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. கணக்கேடுகளை எட்டு நிதியாண்டுகள் காக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ளது. கம்பெனியாகப் பதிவான சிறு அலுவலகம்கூட இவற்றுக்கு உட்பட்டதே. ஐந்தாண்டுக்கு முன் வாங்கிய டிஸ்க் இந்தக் கணக்கையெல்லாம் போட்டு வாங்கியதல்ல.

விண்டோஸ் சர்வரில்

விண்டோஸ் சர்வர் பேக்கப், நகலெடுக்கும் ஒவ்வொரு பார்டிஷனிலும் முதலில் ஷேடோ காப்பி எடுக்கிறது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, குறிப்பிட்ட ஒரு நொடியில் டிஸ்க் எப்படி இருந்தது என்பதை உறையவைக்கும் முறை இது. அதற்குச் சிறிது காலியிடம் வேண்டும். 500 எம்பிக்குக் குறைவான பார்டிஷனில் 50 எம்பியும், அதற்கு மேற்பட்டதில் 320 எம்பியும் குறைந்தபட்சத் தேவை என்று மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்தியே சொல்கிறது. 1 ஜிபியைத் தாண்டிய பார்டிஷன்களில் 1 ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது என்றும் அது சேர்த்துக்கொள்கிறது.

பலரும் கவனிக்காமல் விடுவது, கண்ணுக்குத் தெரியாத சிறு பார்டிஷன்களை. விண்டோஸ் நிறுவும்போது தானாக உருவாகும் சிஸ்டம் ரிசர்வ்டு பகுதி, பதிப்பைப் பொறுத்து 100 முதல் 500 எம்பி வரை இருக்கும். டிரைவ் எழுத்து இல்லாததால் மை கம்ப்யூட்டரில் தென்படாது. முழு சர்வர் பேக்கப் என்று தேர்ந்தெடுத்தால் அதுவும் சேர்ந்தே வரும். அதில் 40 எம்பி மட்டுமே காலியாக இருந்தால் போதும், 4 டிபி பேக்கப் டிஸ்க் முழுக்கக் காலியாக இருந்தாலும் வேலை நின்றுவிடும். 500 எம்பியைச் சற்றே தாண்டிய ரெக்கவரி பார்டிஷனில் இன்னும் மோசம்: உள்ளே இருக்கும் மீட்புக் கோப்பே 300 எம்பிக்கு மேல் பிடித்திருக்க, 320 எம்பி காலியிடத்துக்கு வழியே இல்லை.

பார்க்க வேண்டிய இடம் டிஸ்க் மேனேஜ்மென்ட். டிரைவ் எழுத்து இல்லாத ஒவ்வொரு பார்டிஷனின் காலியிடத்தையும் அங்கே காணலாம். அந்தச் சிறு பகுதியில் என்.டி.எஃப்.எஸ். மாற்றக் குறிப்பேடு வளர்ந்து இடத்தைத் தின்றிருப்பது உண்டு. எஃப்எஸ்யுடில் கட்டளையால் அதை நீக்கினாலே பல நேரம் 50 எம்பிக்கு மேல் கிடைத்துவிடும். இல்லையென்றால் பார்டிஷனைப் பெரிதாக்கலாம். அல்லது விஎஸ்எஸ்அட்மின் கட்டளையால் அதன் ஷேடோ பகுதியை இடம் உள்ள வேறொரு பார்டிஷனுக்கு மாற்றலாம். புது டிஸ்க் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் அலுவலகங்கள் முதலில் செய்வது. இந்தப் பிழைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

லினக்ஸ் சர்வரில்

லினக்ஸில் முதல் கட்டளை டிஎஃப். எந்த பார்டிஷன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அது காட்டும். அதில் இடம் இருப்பதாகத் தெரிந்தும் பிழை தொடர்ந்தால், அதே கட்டளையை ‘ஐ’ தெரிவுடன் இயக்க வேண்டும். அது ஐநோடுகளின் எண்ணிக்கையைக் காட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஐநோடு தேவை. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில், டிஸ்கை ஃபார்மேட் செய்யும்போதே அவற்றை வரையறுத்துவிடுகிறது. பிறகு கூட்ட முடியாது. ஒவ்வொரு மெயிலையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில் சர்வரிலும், செஷன் கோப்புகளைச் சுத்தம் செய்யாத வலைத்தளத்திலும், பல ஜிபி காலியாக இருக்கும்போதே ஐநோடுகள் தீர்ந்துபோகும். அங்கே பெரிய கோப்பு ஒன்றை அழிப்பதால் ஓர் ஐநோடுதான் மிஞ்சும். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் எங்கே குவிந்திருக்கின்றன என்று தேடுவதே வழி.

இன்னொரு நிலை: பெரிய லாக் கோப்பை அழித்த பிறகும் டிஎஃப் காட்டும் எண் குறையவில்லை. அந்தக் கோப்பை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள். அது மூடும் வரை லினக்ஸ் இடத்தை விடுவிக்காது. எல்எஸ்ஓஎஃப் கட்டளை அந்தப் புரோகிராமைக் காட்டிக்கொடுக்கும். அதை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

நாஸ் பெட்டி வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு நேர்வது தனி வகை. இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் ஆகும். பேக்கப் என்ற ஃபோல்டரில் நாஸ் மவுன்ட் ஆகியிருக்கிறது. மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் எழுந்துவிட்டது, நாஸ் எழவில்லை. ஃபோல்டர் மட்டும் அப்படியே இருக்கிறது. இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் வித்தியாசம் தெரியாமல் சர்வரின் சொந்த டிஸ்கிலேயே நகலைக் கொட்டுகிறது, டிஸ்க் நிரம்புகிறது. காலையில் யாரோ நாஸை மீண்டும் மவுன்ட் செய்கிறார்கள். இப்போது அந்தக் கோப்புகள் மவுன்ட்டுக்கு அடியில் மறைந்துவிட்டன. டிஎஃப் டிஸ்க் நிரம்பியிருப்பதாகச் சொல்கிறது, கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியு கட்டளையோ பாதி இடத்துக்குத்தான் கணக்குக் காட்டுகிறது. இரண்டு எண்களும் பொருந்தாமல் போனால், நாஸை அன்மவுன்ட் செய்து ஃபோல்டரின் அடியில் பார்க்க வேண்டும். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே மவுன்ட் இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் வெளியேறச் செய்வதே நிலையான தீர்வு. ஒற்றை வரிதான், அது இல்லாத ஸ்கிரிப்டை உற்பத்திச் சர்வரில் ஓடவிடக்கூடாது.

தன்னைத்தானே நகலெடுக்கும் பேக்கப்பும் உண்டு. சர்வர் முழுவதையும் டார் கோப்பாகக் கட்டும்போது, பேக்கப் ஃபோல்டரை விலக்கவில்லையென்றால் நேற்றைய நகல் இன்றைய நகலுக்குள் போகும், இரண்டும் நாளைய நகலுக்குள் போகும். சி-பேனல் வழியே இயங்கும் வலைத்தளங்களில் இதற்கு நெருங்கிய ஒன்று நடக்கிறது: முழு பேக்கப் அந்தக் கணக்கின் ஹோம் ஃபோல்டரிலேயே உருவாவது இயல்பு ஏற்பாடு. 10 ஜிபி திட்டத்தில் 6 ஜிபி வரை படங்களால் நிரப்பியிருப்பவருக்கு முழு பேக்கப் முடிவதில்லை. எஃப்.டி.பி. வழியே வேறொரு சர்வருக்கு அனுப்பும் தெரிவு அங்கேயே இருக்கிறது. தற்காலிகமாகக் கட்டுவதற்கும் இடம் வேண்டியிருந்தால், டேட்டாபேஸை மட்டும் தனியாகவும் கோப்புகளை ஆர்சிங்க் மூலமாகவும் எடுப்பது மேல்.

மெய்நிகர் கணினிகளின் டிஸ்க் கோப்புகளை நகலெடுப்போர் ‘ஸ்பார்ஸ்’ தன்மையையும் அறிந்திருக்க வேண்டும். 500 ஜிபி என்று பெயரளவில் உள்ள கோப்பு உண்மையில் 40 ஜிபிதான் பிடித்திருக்கும். அதை உணராத நகல் கருவி, வெற்றிடத்தையும் சேர்த்து 500 ஜிபியாக எழுதிவைக்கும். வி.எம்.வேர் சூழலில் பேக்கப் முடிந்தும் நீங்காமல் நிற்கும் ஸ்னாப்ஷாட், நாள்தோறும் வளர்ந்து டேட்டாஸ்டோரையே நிரப்பி, அதில் உள்ள மெய்நிகர் கணினிகளை நிறுத்திவிடும்.

டேட்டாபேஸ் லாக்

எஸ்.க்யூ.எல். சர்வரில் ஃபுல் ரெக்கவரி முறையில் உள்ள டேட்டாபேஸின் டிரான்சாக்‌ஷன் லாக், லாக் பேக்கப் எடுத்தால்தான் உள்ளே காலியாகும். முழு பேக்கப் நாள் தவறாமல் நடந்தாலும் அது லாகைத் தொடாது. இது தெரியாத இடங்களில் 5 ஜிபி டேட்டாவுக்கு 200 ஜிபி லாக் என்ற நிலை வந்துசேரும். போஸ்ட்கிரஸில், லாகைக் காப்பகத்துக்கு அனுப்பும் கட்டளை அங்கே இடமில்லாமல் தோற்றால், சர்வர் அந்த லாக் கோப்புகளை நீக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் டேட்டாபேஸே நின்றுவிடும். அங்கே பேக்கப் டிஸ்க் நிரம்பியதன் விளைவு உற்பத்திச் சர்வர் விழுவது. அந்த லாக் கோப்புகளைக் கையால் அழிப்பது டேட்டாபேஸைச் சிதைக்கும் செயல். அழிக்க வேண்டியது அவற்றையல்ல. சரிசெய்ய வேண்டியது காப்பக டிஸ்கின் இடத்தை.

இடக் கணக்கு

பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பிக் கணக்குப் போடுவதுதான் தவறு தொடங்கும் இடம். 4 டிபி டிஸ்க் என்பது 4 லட்சம் கோடி பைட். கணினியின் அளவையில் அது சுமார் 3,725 ஜிபி. இஎக்ஸ்டி4 அதில் 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென ஒதுக்கிவைக்கும். மிச்சம் சுமார் 3,539. சுருக்கிய முழு பேக்கப் ஒன்று 520 ஜிபி என்று வைத்துக்கொண்டால், பெட்டி எண்ணின்படி ஏழு நகல்கள் கொள்ள வேண்டும். உண்மையில் கொள்வது ஆறு. அந்த ஆறிலும் ஒன்று வரப்போகும் நகலுக்கான இடம். ஏனென்றால் புதியது முழுதாக முடிந்து சரிபார்க்கப்பட்ட பிறகே பழையதை நீக்கலாம். ஆக, மென்பொருளில் ‘எத்தனை நகல் வைக்க வேண்டும்’ என்ற கட்டத்தில் இட வேண்டிய எண் ஐந்து. ஆறு என்று இட்டவருக்கு ஏழாவது முறை பேக்கப் நிற்கும். சர்வரின் டேட்டா வளர்ந்துகொண்டே இருப்பதால் ஐந்தும் நிரந்தரமல்ல.

சுருக்கத்தையும் அளவோடு நம்ப வேண்டும். கணக்குப் புத்தகமும் எழுத்துக் கோப்பும் நன்றாகச் சுருங்கும். ஸ்கேன் படம், வீடியோ, ஏற்கெனவே ஜிப் செய்தவை சுருங்காது. என்கிரிப்ட் செய்த பிறகு சுருக்கினால் எதுவும் சுருங்காது. வரிசை மாற வேண்டும். எல்டிஓ-9 டேப்பின் உண்மைக் கொள்ளளவு 18 டிபி. உறையில் பெரிதாகத் தெரியும் 45 டிபி, இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற அனுமானத்தில் வந்தது. ஸ்கேன் சென்டரின் படங்களுக்கு அந்த அனுமானம் பொருந்தாது.

இடப் பற்றாக்குறை இல்லாமலேயே இடப் பிழைபோலத் தோன்றுபவை சில உண்டு. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த எக்ஸ்டர்னல் டிஸ்கில் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை எழுத முடியாது. தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு வரும் தொல்லை நம் அலுவலகங்களுக்கே உரியது. லினக்ஸில் கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘கொட்டிவாக்கம்’ என்ற ஏழெழுத்துப் பெயர் மட்டுமே 39 பைட் பிடிக்கும். விண்டோஸ் பைட்டுகளை எண்ணுவதில்லை, எழுத்துக் குறியீடுகளை எண்ணுகிறது. ஆகவே அங்கே சிக்கலின்றி இருந்த நீளமான தமிழ்ப் பெயர், நாஸுக்குப் போகும்போது மறுக்கப்படும். சினாலஜி நாஸின் என்கிரிப்ட் செய்த ஃபோல்டர்களில் வரம்பு 143 பைட்தான். அறிக்கையில் தோல்வி என்று மட்டும் வரும். டிஸ்கை மாற்றினால் தீராது, பெயரைச் சுருக்கினால் தீரும்.

அவசர அழிப்பு

இடம் இல்லை என்று திரையில் வந்ததும் எதையாவது அழிக்கக் கை நீளும். பேக்கப் டிஸ்கில் அழிக்கத் தோதாகத் தெரிவது பழைய நகல்கள்தான். இன்றைய பேக்கப் பாதியில் நின்றிருக்கும் நேரத்தில், நேற்றையதோ போன வாரத்தையதோதான் கையில் இருக்கும் கடைசி நல்ல நகல். அதை அழித்துவிட்டு மீண்டும் ஓடவிட்டு, அதுவும் நின்றால், அலுவலகத்திடம் ஒன்றும் இருக்காது. விண்டோஸ் சர்வர் பேக்கப்பை நெட்வொர்க் ஷேரில் வைப்போருக்கு மென்பொருளே இந்தக் காரியத்தைச் செய்துவிடும்: அங்கே ஒரு நகல்தான் நிற்கும், புதியது பழையதன் மேலேயே எழுதும், நடுவில் நின்றால் இரண்டும் போகும். ஒவ்வொரு நாளுக்கும் தனி ஃபோல்டர் கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம். எது நிரம்பியது என்று தெரியும் வரை பேக்கப் டிஸ்கில் எதையும் நீக்காமல் இருப்பதே இந்தப் பிழையைக் கையாள்வதில் முதல் விதி.

தானாக அழிக்கும் ஸ்கிரிப்டுகளின் ஆபத்துக்கு கியோட்டோ பல்கலைக்கழகம் சான்று. 2021 டிசம்பரில் அதன் சூப்பர் கம்ப்யூட்டர் பேக்கப் மென்பொருளைப் புதுப்பித்தபோது, பத்து நாளுக்கு மேற்பட்ட லாக்குகளை நீக்க வேண்டிய ஸ்கிரிப்ட், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றி எழுதப்பட்டதால் தடம் மாறி, 77 டிபி ஆய்வுத் தரவை அழித்தது. சுமார் 3.4 கோடி கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களுடையவை. அவற்றில் நான்கு குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை.

டொயோட்டா நிறுவனத்தில் நடந்தது இந்தக் கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 2023 ஆகஸ்ட் 27இல் வழக்கமான பராமரிப்பின்போது, டேட்டாபேஸில் திரண்டிருந்த தரவை நீக்கி ஒழுங்குபடுத்துகையில் டிஸ்கில் இடம் போதாமல் பிழை எழுந்தது. மாற்றுச் சர்வரும் அதே அமைப்பில் இயங்கியதால் அங்கும் அதே பிழை, மாறிக்கொள்ள வழியில்லை. ஆகஸ்ட் 29இல் ஜப்பானில் அதன் 14 ஆலைகளும் 28 உற்பத்தி வரிசைகளும் நின்றன. அதிகக் கொள்ளளவுள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகே வேலை தொடங்கியது. ஒழுங்குபடுத்தும் வேலைக்கே இடம் வேண்டும் என்பதையும், இரண்டு நகல்களுக்கும் ஒரே குறைபாடு இருந்தால் அவை இரண்டு நகல்கள் ஆகா என்பதையும் இது காட்டுகிறது.

வேறு ஊரில் ஒரு நகல்

இடம் போதாது என்பதற்காக பேக்கப்பே எடுக்காமல் விடுவதும் நடக்கிறது. 2025 செப்டம்பர் 26இல் தென் கொரியாவின் டேஜன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகள் வைத்திருந்த ஜி-டிரைவ் அமைப்பின் 858 டிபி தரவு அழிந்தது. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளி பேக்கப் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

கொட்டிவாக்கத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு நெருப்பைவிட நீரே அடிக்கடி வரும் ஆபத்து. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கும் தாழ்நிலம் இது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் வேளச்சேரி, பெருங்குடிப் பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. சர்வரும் பேக்கப் டிஸ்கும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். மாநிலத் தரவு மையத்துக்கான பேரிடர் மீட்பு மையம் திருச்சியில் அமைக்கப்பட்டிருப்பதன் நியாயம் சிறு அலுவலகத்துக்கும் பொருந்தும். 520 ஜிபி நகலை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அனுப்ப, வேகம் முழுதாகக் கிடைத்தாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நகலை டிஸ்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, பிறகு நாள்தோறும் மாறியதை மட்டும் அனுப்புவது நடைமுறைக்கு ஏற்றது.

ரீஸ்டோருக்கான இடம்

நகலை மீட்கும்போதும் இடம் வேண்டும் என்பது கடைசி நேரத்தில்தான் பலருக்கும் தெரியவருகிறது. சுருக்கிய 520 ஜிபி விரிந்தால் 800 ஆகலாம். விரிப்பதற்கு முன் நகலையும் அதே டிஸ்கில் வைத்தால் இரண்டுக்கும் சேர்த்து இடம் வேண்டும். ஸ்பார்ஸ் தன்மை இழந்த கோப்புகள் முழு அளவில் விரியும். விண்டோஸ் சர்வர் பேக்கப்பிலிருந்து வெறும் கணினிக்கு முழுதாக மீட்கும்போது, புதிய டிஸ்க் பழைய டிஸ்கின் அளவாவது இருக்க வேண்டும். 2 டிபி டிஸ்கில் 300 ஜிபிதான் பயன்பட்டிருந்தாலும் 1 டிபி டிஸ்கில் மீட்க அது மறுக்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, வேறொரு கணினியில் ஒருமுறை முழு ரீஸ்டோர் செய்து பார்ப்பது நல்லது. அதற்கென வாங்கும் டிஸ்க், சர்வரில் உள்ளவற்றிலேயே பெரிய டிஸ்கின் அளவுக்குக் குறையக்கூடாது.